கொழுப்பு செல்லும் கறிக்குழம்பும்

அன்புள்ள ஐயா,

நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். என் அம்மாவுக்கு 61 வயது. சினைப்பையில் புற்றுநோய் என்று ஆபரேஷன் முடிந்து, இப்போது கீமோ நடந்துகொண்டிருக்கிறது.

கொழுப்பு செல்களும் புற்றுநோய் செல்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, கட்டிக்குத் தீனி போடுவதே கொழுப்பு செல்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மாமா அனுப்பியது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு எண்ணெய், நெய், தேங்காய், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சர்க்கரையும் கிடையாது. கஞ்சி, வேகவைத்த காய், கீரைச் சாறு, அவ்வளவுதான். அம்மா நன்றாக மெலிந்திருக்கிறார். கட்டிக்குத் தீனி கிடைக்கவில்லை என்பதன் அடையாளமா இது? செல்கள் பேசிக்கொள்கின்றன என்பது உண்மையா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதா? அம்மா பருமனான உடம்பு. அதனால்தான் வந்தது என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒல்லியாக இருந்தால் வராதா?

இதைப் பற்றி நீங்கள் ஒரு தொடர் எழுத வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மருத்துவக் கேள்விகளுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் கொழுப்பு செல்லைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அப்புறம், அதில் ஒரு வரி இருக்கிறது. ‘அம்மா நன்றாக மெலிந்திருக்கிறார்.’ அதை நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களோ என்று தோன்றியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் மெலிவது நல்ல செய்தியே இல்லை. பட்டினி கிடப்பது கட்டி அல்ல, உங்கள் அம்மா. இந்தப் பதிலை முழுக்கப் படிக்கும் முன்பே அவரைப் பார்க்கும் மருத்துவருக்குப் போன் போடுங்கள். எத்தனை வாரத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்று சொல்லுங்கள். மீதியை ராத்திரி படித்துக்கொள்ளலாம்.

சரி, பேசிக்கொள்வது உண்மையா? உண்மைதான். கொழுப்பு செல்லை ஒரு சேமிப்புப் பை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1994-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்பு செல்லில் சுரந்து, இரத்தத்தின் வழியே மூளைக்குப் போய், உடம்பில் இவ்வளவு இருப்பு இருக்கிறது என்று தெரிவிக்கிற ஹார்மோன் அது. அதன் பிறகு கொழுப்புத் திசுவையும் ஒரு சுரப்பியாகவே பார்க்கத் தொடங்கினார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. அங்கே இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி செய்கிற வேலை. ஒரு செல் ஒரு வேதிப்பொருளை வெளியே விடுகிறது, இன்னொரு செல் தன் ஏற்பியால் அதைப் பிடித்து, தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. இதைத்தான் பேச்சு என்கிறார்கள். இந்த ஏற்பிகள் புற்றுநோய் செல்லிலும் உண்டு.

உங்கள் அம்மாவுக்கு வந்த நோயில் இந்தப் பேச்சு எங்கே நடக்கிறது என்பதை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்பேட்டைப் பக்கம் கறிக்கடையில் ஆட்டை உரித்துத் தொங்கவிட்டு வயிற்றைத் திறந்ததும், குடலுக்கு முன்னால் வெள்ளையாக, வலைப்பின்னலாக ஒரு கொழுப்புச் சவ்வு வரும். தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் அதன் வழியே தெரியும். நமக்கும் அது இருக்கிறது. டாக்டர்கள் ஓமென்டம் என்பார்கள். இரைப்பையிலிருந்து இறங்கிக் குடலை மூடிக்கொண்டு தொங்கும். சினைப்பைப் புற்றுநோய் வயிற்றுக்குள் பரவும்போது பெரும்பாலும் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆபரேஷனில் சினைப்பையோடு அதையும் எடுப்பது அதனால்தான். அம்மாவின் டிஸ்சார்ஜ் தாளில் ஓமென்டெக்டமி என்று இருக்கிறதா பாருங்கள்.

அங்கே ஏன் போகிறது? 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் லெங்கெல் குழு அதற்கு ஒரு விடை சொன்னது. ஓமென்டத்தின் கொழுப்பு செல்கள் இன்டர்லூக்கின்-8 போன்ற, செல்களுக்கு இடையே சேதி சொல்லும் பொருட்களை விடுகின்றன. புற்றுநோய் செல்கள் அதை மோப்பம் பிடித்து வருகின்றன. வந்து சேர்ந்ததும் அதிகாரம் கை மாறிவிடுகிறது. வந்த செல்கள், கொழுப்பு செல் தன் சேமிப்பைத் தானே உடைத்து வெளியே விடும்படி செய்கின்றன. கொழுப்பில் ஒளிரும் சாயம் ஏற்றி, இரண்டு வகை செல்களையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். கொழுப்பு செல்லில் இருந்தது புற்றுநோய் செல்லுக்குள் போயிருந்தது. அங்கே அது, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து, கட்டி வளர்வதற்கான சக்தியாகிறது. கொழுப்பு அமிலத்தைச் சுமந்து செல்லும் எஃப்ஏபிபி-4 என்ற புரதம் இல்லாத எலிகளில் நோய் பரவுவது வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டு பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்த குழு ஒன்று இதற்கு இணையான ஒன்றைப் பார்த்தது. கட்டியை ஒட்டி இருக்கும் கொழுப்பு செல்கள் கொழுப்பை இழந்து சுருங்கி, குணம் மாறி, இன்டர்லூக்கின்-6 போன்றவற்றை அதிகமாக விட்டு, கட்டி மேலும் ஊடுருவ உதவுகின்றன.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான் இது. கொழுப்பு செல் தீனி போடுகிறது என்று உங்கள் வீடியோக்காரர் சொல்கிறார். அந்தச் செல்லின் நிலையில் இருந்து பார்த்தால் அது கொள்ளை போகிறது. நோய் முற்றும்போது ஓமென்டத்தில் கொழுப்பு செல் என்று சொல்ல அதிகம் மிஞ்சுவதில்லை. முழுக்கக் கட்டியாகி இறுகிவிடுகிறது. ஸ்கேன் எழுதுகிறவர்கள் அதற்கு ஓமென்டல் கேக் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எந்த மனுஷனுக்கு அந்தப் பேர் தோன்றியதோ!

சர்க்கரை பற்றி: 1920-களில் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க், புற்றுநோய் செல் குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுவதைக் கண்டார். பெட் ஸ்கேன் இன்றைக்கும் அந்தக் குணத்தை வைத்துத்தான் கட்டியைக் காட்டுகிறது. ஆனால் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினால் இரத்தத்தில் குளுக்கோஸ் நின்றுவிடாது, கல்லீரலே தயாரித்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அது வேறு கணக்கு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இப்போது அந்த வீடியோ செய்த காரியத்துக்கு வருகிறேன். வயிற்றுக்குள் சவ்வில் இருக்கும் ஒரு செல்லைப் பற்றிய கண்டுபிடிப்பை எடுத்து, நேராக அடுப்படியில் கொண்டுவந்து தாளிக்கிற கரண்டிமேல் வைத்துவிட்டார்கள். தாளிப்பில் ஊற்றும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் அப்படியே போய்க் கட்டிக்குள் இறங்குவதில்லை. கொழுப்பு செல்கள் நேற்றைய சாப்பாட்டில் முளைத்தவையும் அல்ல. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் நம் செல்களிலும் படிந்திருக்கிறது. அதை வைத்து 2008-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் கொழுப்பு செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செல்கள்தான் புதுப்பிக்கப்படுகின்றன. வளர்ந்தவர்களில் மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறுவதே இல்லை, கடுமையாக இளைத்தாலும்கூட. செல் சுருங்கும், அவ்வளவுதான். (அணுகுண்டு வெடித்ததில் உருப்படியாக விளைந்த ஒரே விஷயம் இந்தக் கணக்குதான் போலிருக்கிறது.)

சுருங்கும்போது உள்ளே இருந்தது எங்கே போகிறது? யோசித்தீர்களா? சாப்பாடு குறைந்தால் இன்சுலின் இறங்குகிறது. இன்சுலின் இறங்கினால் கொழுப்பு செல்கள் சேமிப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் விடத் தொடங்குகின்றன. உடம்பின் சாதாரண ஏற்பாடு அது. அதாவது, கொழுப்பு அமிலம் கட்டிக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று அம்மாவைப் பட்டினி போடுகிறீர்கள். பட்டினியில்தான் அவருடைய உடம்பு கொழுப்பு அமிலத்தை இரத்தத்தில் அள்ளி விடுகிறது. உங்கள் தர்க்கப்படியே பார்த்தாலும் நீங்கள் செய்வது தலைகீழ் வேலை. கணக்கு வேலை பார்க்கிறவர் நீங்கள், வரவு செலவில் இப்படி ஒரு பிழையை விடுவீர்களா?

கட்டியும் சும்மா இருப்பதில்லை. அது உடம்பு முழுவதோடும் பேசுகிறது. 2014-ல் ஹார்வர்டில் புரூஸ் ஸ்பீகல்மன் ஆய்வகத்தில், கட்டியிலிருந்து வரும் ஒரு புரதம் எலிகளின் வெள்ளைக் கொழுப்பைப் பழுப்புக் கொழுப்பின் குணத்துக்கு மாற்றி, சேமிப்பை வெறும் சூடாக எரிக்க வைப்பதைப் பார்த்தார்கள். கொழுப்பு கரைகிறது, கூடவே தசையும் கரைகிறது. கேக்கெக்சியா என்று இதற்குப் பெயர். நம் ஊரில் ‘ஆளே உருகிட்டாங்க’ என்று சொல்வோமே, அது. தசை போனவரால் கீமோவைத் தாங்க முடிவதில்லை. மருந்தைக் குறைக்க வேண்டி வருகிறது, தள்ளிப்போட வேண்டி வருகிறது.

ஐரோப்பாவின் மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் 2017-ல் புற்றுநோயாளிகளுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எடை குறைகிற நோயாளிக்குச் சாப்பாட்டைக் குறைக்கும் எந்தப் பத்தியமும் கூடாது என்கிறது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி. புரதம் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 1.5 கிராம் வரை. அம்மா 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1250 முதல் 1500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். கஞ்சியிலும் கீரைச் சாற்றிலும் இதை எட்டுங்கள் பார்ப்போம். இன்னொன்றும் சொல்கிறது. எடை குறைந்து, இன்சுலினும் சரியாக வேலை செய்யாத நோயாளிகளுக்குச் சக்தியில் மாவுச்சத்தின் பங்கைக் குறைத்துக் கொழுப்பின் பங்கைக் கூட்டச் சொல்கிறது. கூட்டச் சொல்கிறது, தம்பி. நீங்கள் எடுத்து ஒளித்துவைத்ததை.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. முனிச்சாலையில் இருந்தார். நல்ல பருமன், நல்ல குரல். சாயங்காலம் வாசலில் பணியாரச் சட்டி வைத்தார் என்றால் தெருவே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போகும்போது பையைத் தூக்க என்னைக் கூட்டிக்கொள்வார். ‘ரெண்டு துண்டு கொழுப்பு சேத்துப் போடுய்யா, பிள்ளை சாப்பிடும்’ என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்குவார்.

ஒரு வருஷம் அவருக்கு வயிறு உப்பத் தொடங்கியது. ரெண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுவார். அடிக்கடி ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ‘தின்னு தின்னு தொந்தி போட்டுருச்சு.’ ஓமத் தண்ணி கொடுத்தார்கள், கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அது தொந்தி இல்லை, நீர். சினைப்பைப் புற்றுநோயின் முக்கிய அறிகுறிகள் இவைதான். உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர். வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் பெண் மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டிய விஷயம். ஒல்லியான பெண்ணுக்கு வயிறு வீங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம். பருமனான பெண்ணுக்கு வீங்கினால் கேலி பண்ணுகிறோம். பெரியம்மாவின் எத்தனை மாதத்தை அந்தச் சிரிப்பு தின்றதோ.

ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். ரிட்டயர் ஆனவர், பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பவர். அப்போது வீடியோ கிடையாது, துணுக்கே போதுமானதாக இருந்தது. எண்ணெய் கூடாது, கறி கூடாது, முட்டை சூடு, தயிர் குளிர்ச்சி. நொய்க்கஞ்சி மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் கறி வெந்துகொண்டிருந்தது. பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, ‘ஒரு வாய் கறிக்குழம்பு, சோத்துல விரவி, அவங்ககிட்ட கேட்டு வாங்கிட்டு வாடா’ என்றார். வாங்கி வந்தேன். வாசலிலேயே கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு முதுகில் ஒரு அடியும் கிடைத்தது.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவர் காதுபடவே, ‘வாயைக் கட்டியிருந்தா வந்திருக்குமா’ என்பார்கள். ஒரு நாள் பெரியம்மா அந்த நிலையிலும் திரும்பிப் பார்த்து, ‘உன் மாமியா குச்சி மாதிரிதான இருந்தா, அவ எதுலடி செத்தா?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் வரவில்லை. அந்தப் பொங்கலுக்கு முன்னாலேயே பெரியம்மா போய்விட்டார். பத்தியத்தால் செத்தார் என்று நான் சொல்லமாட்டேன். நோய் முற்றித்தான் இருந்தது. ஆனால் கேட்ட ஒரு வாய்ச் சோறு கிடைக்காமல் போனார். எந்த நோய்க்கும் அந்தத் தண்டனை தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது எண்ணெயை நிறுத்தியது அல்ல. ‘பருமனால்தான் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள்’ என்ற வரிதான். அதை அம்மா முன்னாலும் சொல்கிறார்களா? சொல்கிறார்கள் என்றால் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உடல் பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மைதான், மறைக்க ஒன்றும் இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் 13 வகைப் புற்றுநோய்களுக்கு அதற்குப் போதிய ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. சினைப்பையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அது லட்சம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற கணக்கு. கட்டிலில் படுத்திருக்கும் ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கான சாட்சி அல்ல. சிகரெட் குடித்து நுரையீரல் கெட்டவரைப் பார்க்கப் போனால்கூட ‘பாவம், நல்ல மனுஷன்’ என்றுதான் சொல்கிறோம். பருமனான பெண்ணிடம் மட்டும் வாயைக் கட்டியிருக்கலாமே என்கிறோம்.

அந்த வாய் என்ன தின்றது என்று கேட்டிருக்கிறீர்களா? நம் வீடுகளில் கடைசியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யார்? கறித்துண்டு எல்லாம் மற்றவர் தட்டுக்குப் போன பிறகு, மிச்சக் குழம்பை மிச்சச் சோற்றில் வழித்துப் போட்டு, வீணாகக் கூடாதே என்று இரண்டு ஆள் சோற்றைத் தின்று பாத்திரத்தைக் கழுவப் போட்டவர் யார்? காலையில் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன இட்லி, மதியம் புருஷன் வேண்டாம் என்ற சோறு, ராத்திரி எல்லாவற்றின் மிச்சம். நாற்பது வருஷம் அப்படிச் சாப்பிட்ட உடம்பைப் பார்த்து, அந்தச் சோற்றை மிச்சம் வைத்தவர்களே கேட்கிறார்கள், வாயைக் கட்டியிருக்கலாமே என்று. எனக்கு இதில் பொறுமை கிடையாது.

ஒல்லியாக இருந்தால் வராதா என்றால், வரும். வெளியே ஒல்லியாகத் தெரிகிறவருக்கு உள்ளே கொழுப்பு குறைவு என்றும் சொல்லிவிட முடியாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், தன்னையும் தன் பிரிட்டிஷ் நண்பர் யுட்கினையும் அருகருகே நிற்கவைத்து எடுத்த படத்தை 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இரண்டு பேருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு பிரிட்டிஷ்காரருக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இந்திய உடம்பை ஒல்லி, தடி என்று பார்வையிலேயே தீர்ப்புச் சொல்லும் மாமாக்களுக்கு அந்தப் படத்தை அனுப்பலாம்.

கொழுப்பு செல்லை வில்லனாக்குகிறவர்களுக்கு இன்னொரு தகவல். 2025-ல் சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நடவ் அஹிதுவ் குழு, மரபணுவைத் திருத்திய கொழுப்பு செல்களை எலிகளில் வைத்துப் பார்த்தது. அந்தச் செல்கள் குளுக்கோஸையும் கொழுப்பு அமிலத்தையும் கட்டிக்கு முன்னால் முந்திக்கொண்டு தின்றன, கட்டியின் வளர்ச்சி குறைந்தது. எலியில்தான், இன்னும் மனிதர் வரை வரவில்லை. அதனால் இதை வைத்தும் யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள்.

தொடர் எல்லாம் எழுத இப்போது நேரமில்லை.

மருத்துவரிடம் பேசும்போது டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். குடலில் ஏதாவது செய்திருக்கிறார்களா, வயிற்றில் நீர் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி என்பதையெல்லாம் பார்த்து அவர்கள் ஏதாவது தவிர்க்கச் சொன்னால் தவிருங்கள். அது வேறு, மாமா சொல்வது வேறு. பச்சைக் கீரைச் சாற்றை நிறுத்துங்கள். கீமோவில் வெள்ளையணு இறங்கியிருக்கும்போது, சரியாகக் கழுவாத பச்சைக் கீரையிலிருந்து கிருமி தொற்றினால் ஆபத்து. முட்டை நன்றாக வேகட்டும். ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. நாக்கு கசக்கிறது என்பார், எலுமிச்சை ஊறுகாய் கேட்பார், கொடுங்கள். கறிக்குழம்பு கேட்டால், மருத்துவர் தடுக்காதவரை, நல்லெண்ணெய் மிதக்க வையுங்கள். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதிவைத்து, ஒவ்வொரு கீமோவுக்கும் அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்து ‘வாயைக் கட்டியிருந்தா’ என்று ஆரம்பிக்கிறவர் யாராக இருந்தாலும் எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போய் ஆட்டோ ஏற்றி விடுங்கள். வயதில் பெரியவர் என்றெல்லாம் பார்க்க வேண்டாம். ஆட்டோக் காசை மட்டும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.